ஒரு சொல் திருத்தினால் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டுகிறது: இரு குழுக் கையேட்டில் சிக்கல்

ஒத்தக்கடை:
வணக்கம். மதுரையில் எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவும் திண்டுக்கல் குழு ஒன்றும் சேர்ந்து லிப்ரே ஆபிஸ் ரைட்டருக்குத் தமிழில் கையேடு எழுதுகிறோம். இரண்டு பேருக்கும் ஒரே கிட் களஞ்சியம் (யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கும் பொது இடம்). அவர்கள் தங்கள் பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக் கொண்டுவருகிறார்கள். அவர்கள் ஒரு சொல்லைத் திருத்தி அனுப்பினால், டிஃப்பில் (பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டுவதில்) பத்தி முழுவதும் சிவப்பும் பச்சையுமாக வருகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ‘எங்கள் எழுத்தில் ஏன் கை வைத்தீர்கள்’ என்று எங்கள் ஆள் கேட்க, ‘தொடவே இல்லை’ என்று அவர்கள் சொல்ல, ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தும் சூடு ஆறவில்லை. ‘கோப்பு’ என்று தேடினாலும் பாதி இடங்கள்தான் அகப்படுகின்றன.

தெப்பக்குளம்:
விண்டோஸ் போடும், கண்ணுக்குத் தெரியாத வரி முடிவுக் குறியாக இருக்கும். பார்த்தீர்களா?

ஒத்தக்கடை:
பார்த்துவிட்டேன் அண்ணே, எல்லாம் ஒன்றுதான். ‘படம்’, ‘பக்கம்’ மட்டும் உள்ள தலைப்புகள் மாறவில்லை. கொ, கோ வரும் வரிகள்தான் மாறுகின்றன.

திருமங்கலம்:
விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள். யூனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்துக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று, அல்லது இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம். ஆனால் கிட் பைட்டைத்தான் பார்க்கும். யூ.டி.எஃப்-8 சேமிப்பு முறையில் முதலாவது 6 பைட், இரண்டாவது 9. சில மாற்றிகள் இப்படிப் பிரித்தே விட்டுவிடும்.

எல்லாவற்றையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது ‘கோ’வுக்கு ஒரே குறி வரும் வடிவத்துக்கு, மாற்றுங்கள். பைத்தான் நிரல்மொழியோடு வரும் யூனிகோடுடேட்டா தொகுதியில் அதற்கு நார்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். முதலில் இரண்டு குழுவும் கையில் இருப்பதையெல்லாம் மெர்ஜ் செய்து ஒன்றாகச் சேர்த்துவிட வேண்டும். அப்புறம் மொத்தக் களஞ்சியத்தையும் ஒரே கமிட்டில் (கிட்டில் ஒரே பதிவாக) மாற்றுங்கள், அதில் வேறு திருத்தம் எதையும் கலக்காதீர்கள். இனிமேல் வருவதற்கு ஹூக் (கமிட் செய்யும்போது தானாக ஓடும் சிறு நிரல்) போடலாம். ஆனால் களஞ்சியத்தைக் குளோன் செய்து நகல் எடுத்தால் ஹூக் அதோடு சேர்ந்து வராது, ஒவ்வொருவர் கணினியிலும் போட வேண்டும்.

ஒன்று மட்டும் இதில் அடங்காது. ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு ‘கெளரவம்’ என்று அடித்திருந்தால் அது எழுத்துப்பிழை. கையால்தான் திருத்த வேண்டும்.

தெப்பக்குளம்:
நான் வரி முடிவு என்றது தப்பு, சரி. ஆனால் பத்தியை ஒரே வரியாக வைக்காதீர்கள், வாக்கியத்துக்கு ஒரு வரி வையுங்கள். டிஃப் படிக்கிற மாதிரி இருக்கும். அந்தப் பழைய கோப்புகளுக்கு என்ன உரிமம்?

ஒத்தக்கடை:
மாற்றிவிட்டோம்! ஏழு இடங்களில்தான் மோதல் மிஞ்சியது. பெரும்பாலும் ஃபோல்டரை நாங்கள் ‘அடைவு’ என்பதும் அவர்கள் ‘கோப்புறை’ என்பதும்தான். உரிமத்தைக் கேட்டேன்: அவர்களுடையது க்னூ கட்டற்ற ஆவண உரிமம், எங்களுடையது கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்.ஏ. 4.0.

தெப்பக்குளம்:
அதுதான் கேட்டேன் தம்பி. வழித்தோன்றலும் (அதை மாற்றி எழுதியதும்) தன் உரிமத்திலேயே வர வேண்டும் என்று இரண்டுமே கேட்கும், அதனால் சும்மா கலக்க முடியாது. எழுதியவர்களுக்குத்தான் காப்புரிமை, குழுத் தலைவர் தலையாட்டினால் போதாது. எழுதிய ஒவ்வொருவரிடமும் உரிமத்தை மாற்றச் சம்மதம் வாங்கிக் களஞ்சியத்திலேயே போட்டுவையுங்கள்.

ஒத்தக்கடை:
ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். நான்கு பேர் சரி என்றுவிட்டார்கள். ஐந்தாமவர் வெளியூரில் இருக்கிறார், அவர் எழுதிய அட்டவணைப் பகுதியை மட்டும் இப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறோம்.