பன்னிறமையா, திசைநிறமையா?

அன்புடையீர்,

திருப்பத் திருப்ப வேறு நிறம் காட்டும் மணிக்கற்களின் பண்புக்கு (ஆங்கிலத்தில் pleochroism) தமிழ்ச் சொல் தேடும் இந்த விவாதத்தில் இதுவரை வந்த பரிந்துரைகளில் 'நிறமாற்றம்' நிச்சயம் ஆகாது. அது அலெக்சாண்ட்ரைட் என்ற கல்லுக்கு உரியது: பகலொளியில் பச்சை, இழை பல்பின் ஒளியில் சிவப்பு. அங்கே மாறுவது விளக்கு. நாம் பேசும் பண்பில் விளக்கு அப்படியே இருக்கிறது, கல்தான் திரும்புகிறது.

'மயிற்கழுத்து மினுக்கு' என்ற பரிந்துரையைப் படித்ததும் சொக்கிப்போனேன். ஆனால் மயிற்கழுத்தின் நிறம் இறகின் நுண்ணமைப்பில் ஒளியலைகள் குறுக்கிடுவதால் வருவது. லாப்ரடோரைட் என்ற கல்லின் மினுக்கும் அந்த வகைதான். சொல்லை அதற்கே வைத்துக்கொள்வோம். இங்கே நடப்பது வேறு. படிகத்துக்குள் நுழையும் ஒளி, அதிர்வுத் திசை வேறுபட்ட இரு கதிர்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு கதிரிலிருந்தும் படிகம் வெவ்வேறு நிறங்களை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் அயோலைட் ஒரு பக்கம் ஊதா கலந்த நீலமாகவும் இன்னொரு பக்கம் வெளிர்மஞ்சளாகவும் தெரிகிறது. கனசதுரப் படிக அமைப்புள்ள ஸ்பைனலில் ஒளி அப்படிப் பிரியாது. எப்படிப் புரட்டினாலும் ஒரே நிறம்.

எஞ்சியது 'பன்னிறமை'. ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு நேர் பெயர்ப்பு என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். மூலத்தின் குறையும் கூடவே வந்துவிட்டதே! ஒரு முனை பச்சையும் மறுமுனை இளஞ்சிவப்புமாக டூர்மலின் கற்கள் உண்டு. பன்னிறக் கல் என்றால் யாரும் அதைத்தான் நினைப்பார்கள். மாணிக்கமோ ஊதா சாய்ந்த சிவப்பு, ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறது.

என் வாக்கு 'திசைநிறமை'க்கு. பாடநூல்களில் 'திசைவேகம்' வேரூன்றிவிட்டது. திசையைச் சொல்லாவிட்டால் பொருள் முற்றாது என்பதை அந்தச் சொல்லே உணர்த்துகிறது. இதுவும் அப்படித்தான். 'கோணநிறமை' என்றால் பார்ப்பவர் தலையைச் சாய்த்ததுபோல் இருக்கும். இங்கே கணக்கில் வருவது படிகத்துக்குள் ஒளி செல்லும் திசை. 'திசைநிறக் கல்' என்று பெயரடையாகவும் இடறாமல் வருகிறது.

இரு நிறம் காட்டுவது (dichroism), மூன்று நிறம் காட்டுவது (trichroism) என்ற உட்பிரிவுகளில்தான் தடுமாறுகிறேன். 'இருதிசைநிறமை' என்றால் திசை இரண்டு என்றாகிவிடும். 'திசையிருநிறமை', 'திசைமுந்நிறமை' பொருளில் சரி, நாக்குதான் சுளுக்குகிறது. இன்னொன்று: தான்சனைட் இயல்பில் நீலம், ஊதா, செம்பழுப்பு என்று மூன்றும் காட்டும். சூடேற்றினால் பழுப்பு மறைந்து மற்ற இரண்டே மிஞ்சும். அதை எந்தப் பெயரில் சேர்ப்பது? படிகவியல் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.