அம்மாவின் கலியாணப் படம் கண்ணாடியில் ஒட்டிவிட்டது

அடுத்த மாதம் அம்மாவுக்கு 60 வயது. சேலை, சங்கிலி என்றால் "எனக்கேன் பிள்ளை இப்ப?" என்பா. அதனால் அவவிடம் மிஞ்சிய ஒரே கலியாணப் படத்தைச் சரிசெய்து கொடுக்க நினைத்தேன்.

1988இல் எடுத்த கலர்ப் படம், அஞ்சலட்டை அளவு. 2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது சொப்பிங் பையில் சுற்றி அரிசிக்குள் வைத்தா. முள்ளிவாய்க்கால், செட்டிகுளம் முகாம் எல்லாம் தாண்டி வந்தது. பிறகு பிரேம் போட்டோம், அதுதான் பிழை. மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிவிட்டது. அம்மாவின் இடது கன்னத்தில் வெள்ளைத் திட்டு. அப்பாவின் தலைப்பாகை மட்டும் புதுசு மாதிரி!

ஒரு மூலையைப் பிளேட்டால் கிளப்பினேன், நிறம் கண்ணாடியோடு வந்தது. உடனே விட்டுவிட்டேன். ஸ்டூடியோவில் கண்ணாடியோடு ஸ்கான் செய்தார்கள், கோடு கோடாக விழுந்தது. போன் செயலி முகத்தைத் தெளிவாக்கித் தந்தது, ஆனால் அது வேறு யாரோ பெண்.

கண்ணாடியிலிருந்து பிரிக்காமல், முகத்தையும் மாற்றாமல், கையால் திருத்தித் தரக்கூடியவர் கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணப் பக்கம் யாராவது இருக்கிறார்களா?