பெர் டியம் வேலைக்கு ஆறு மாத அனுபவம் போதுமா?

நித்யகல்யாணி:
அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸுக்கான என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு எழுதி, மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை சிகிச்சை நோயாளிகள்) யூனிட்டில் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. அதில் 12 வாரம் ஓரியன்டேஷன், அதாவது இன்னொரு நர்ஸின் மேற்பார்வையில் பயிற்சி. பெர் டியம் (நிரந்தரமாக இல்லாமல், தேவைப்படும் ஷிப்டுக்கு மட்டும் போகும் வேலை) என்றால் மணிக்கூலி அதிகம், ஷிப்டையும் நாமே எடுத்துக்கொள்ளலாம். முழுநேர வேலையை விட்டு மாறலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

இரவுப்பணி:
கணக்குப் போட்டுப் பாருங்க தங்கச்சி. 26 வாரத்தில் 12 போனால் மீதி 14. வாரத்துக்கு மூன்று ஷிப்ட் என்றால், தனியாக நின்று பார்த்தது 42 ஷிப்ட்தான். பெரும்பாலான மருத்துவமனைகள் பெர் டியத்துக்கு ஒரு வருட அனுபவம் கேட்பது சும்மா இல்லை. அங்கே ஓரியன்டேஷன் ஒன்றிரண்டு ஷிப்ட்தான். மருந்து அலமாரியும் சார்ட்டிங்கும் (நோயாளி குறிப்புகளைப் பதிவது) காட்டிவிட்டு நோயாளிகளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கலிஃபோர்னியாவில் மெட்-சர்ஜுக்குச் சட்டப்படி ஒரு நர்ஸுக்கு அதிகபட்சம் 5 நோயாளிகள்தான். அப்படிச் சட்டம் இல்லாத மாநிலங்களில் 6, 7 கூட வரும்.

மாதத்தை எண்ணாதீங்க, வேலையை எண்ணுங்க. ரத்தம் ஏற்றுவதையே எடுத்துக்கோங்க. முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்கணும், 4 மணி நேரத்துக்குள் முடியணும் என்பது எல்லாருக்கும் தெரியும். பத்தாவது நிமிடம் நோயாளி நடுங்கி, இடுப்பு வலிக்குது என்கிறார். ஏற்றும் ரத்தம் ஒத்துக்கொள்ளாத ரியாக்‌ஷனாக இருக்கலாம். புதியவர்கள் ரத்தத்தை மூடிவிட்டு, அதே ஒய்-செட்டில் (ரத்தப் பையும் சலைன் பையும் சேரும் இரட்டை டியூப்) சலைனைத் திறந்துவிடுவார்கள். டியூபில் மிச்சமிருக்கும் ரத்தம் முழுக்க உள்ளே போய்விடும்! டியூபையே கழற்றி, புது டியூபில் சலைன் போட்டு, பையின் எண்ணையும் கைப்பட்டையையும் மறுபடி ஒத்துப் பார்த்து, டாக்டருக்கும் ரத்த வங்கிக்கும் சொல்லணும். பையையும் டியூபையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கணும். இதை யாரையும் கேட்காமல் கை செய்கிறதா? அந்த நேரம் மற்ற நான்கு பேரை யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிகிறதா? அப்போது நீங்கள் தயார்.

பவழமல்லி:
பணத்தையும் சேர்த்து யோசியுங்க. நோயாளி எண்ணிக்கை குறைந்தால் முதலில் ரத்தாவது பெரும்பாலும் பெர் டியம் ஷிப்ட்தான். பல இடங்களில் ஷிப்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால்தான் போன் வரும். மருத்துவக் காப்பீடும் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் பொதுவாகக் கிடையாது. ரெசிடென்சி (புது நர்ஸ்களுக்கான பயிற்சித் திட்டம்) ஒப்பந்தத்தில் பாதியில் விலகினால் பணம் கட்டணும் என்று இருக்கிறதா பாருங்க. இ.பி.-3 (வேலை அடிப்படையிலான கிரீன் கார்டு) ஸ்பான்சரில் ஊரிலிருந்து வந்தவர்கள் அந்த ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் ராஜினாமா எழுதணும்.

மாறியே ஆகணும் என்றால் இப்போது இருக்கும் மருத்துவமனையிலேயே பெர் டியம் கேளுங்க. அதே சார்ட், அதே ஆட்கள்.

திண்ணை:
பல இடங்களில் பெர் டியம் நர்ஸை வேறு யூனிட்டுக்கு அனுப்புவார்கள். போனதும், முந்தைய ஷிப்ட் நர்ஸிடம் நோயாளி விவரம் (ரிப்போர்ட்) வாங்குவதற்கு முன்பே, அந்த ஷிப்டின் பொறுப்பு நர்ஸான சார்ஜ் நர்ஸிடம் சொல்லிவிடுங்க: "ஹெபாரின் டிரிப் (ரத்தம் உறையாமல் இருக்க ஏற்றும் மருந்து) பார்ப்பேன், செஸ்ட் டியூப் (நெஞ்சில் போடும் வடிகுழாய்) தனியாகப் பார்த்ததில்லை." ரிப்போர்ட் வாங்கி நோயாளிகளை ஏற்ற பிறகு, ஒப்படைக்காமல் விலகினால் லைசென்ஸ் வரை பிரச்சினை போகலாம்.

இன்னொன்று, குளுக்கோமீட்டர். உங்கள் பேட்ஜை ஸ்கேன் செய்தால்தான் பல இடங்களில் அது திறக்கும். பெயர் ஏற்றாமல் விட்டிருந்தால், நோயாளி வியர்த்து ஊற்றும்போது சர்க்கரை பார்க்க முடியாது. ஷிப்ட் தொடங்கியதும் அதையும், மருந்து அலமாரி லாகினையும், ரேபிட் ரெஸ்பான்ஸ் (நோயாளி திடீரென மோசமானால் கூப்பிடும் அவசரக் குழு) எண்ணையும் சரிபார்த்துவிட்டு அப்புறம் முதல் அறைக்குப் போங்க.

நித்யகல்யாணி:
ரொம்ப நன்றி. செஸ்ட் டியூப், ரத்த ரியாக்‌ஷன் இரண்டுமே இன்னும் தனியாகப் பார்க்கவில்லை. ஒரு வருடம் இங்கேயே இருக்கிறேன்.

இரவுப்பணி:
நல்லது. அதுவரை செஸ்ட் டியூப் நோயாளி வந்தால் உங்களுக்கே ஒதுக்கச் சொல்லி சார்ஜ் நர்ஸிடம் கேளுங்க, பிரிசெப்டர் (உங்களுக்குப் பயிற்சி தந்த நர்ஸ்) அதே ஷிப்டில் இருக்கும் நாளாகப் பார்த்து.