நூலகப் பட்டியலுக்கு டேட்டாபேஸ் சர்வர்: போஸ்ட்கிரெஸா, மைஎஸ்கியூஎல்லா?

செந்தூல் வாசகன்
வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் தன்னார்வலர்கள் நடத்தும் தமிழ் நூலகத்தின் பட்டியலை நான் பார்த்துக்கொள்கிறேன். இதுவரை எல்லாம் ஒரே எக்செல் கோப்பில்தான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து சேமித்தால் ஒருவர் போட்டது காணாமல் போகிறது. போன மாத இரவல் கணக்கில் பாதியைக் காணோம். பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் இதேபோல் இயங்கும் படிப்பகமும் எங்கள் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

8 ஜிபி ராம் உள்ள பழைய டெஸ்க்டாப் ஒன்று இருக்கிறது; உபுண்டு லினக்ஸ் 24.04 போட்டுவிட்டேன். எந்த டேட்டாபேஸ் சர்வரை நிறுவலாம்? தலைப்பு, ஆசிரியர் பெயர் எல்லாம் தமிழில் இருக்கும். எனக்குப் பிறகு வருகிறவர் கையிலும் இது ஓட வேண்டும்.

பாயான் லெப்பாஸ்
போஸ்ட்கிரெஸ். உபுண்டு 24.04-இன் சொந்தக் களஞ்சியத்தில் 16-ஆம் பதிப்பு இருக்கிறது, ஏபிடி என்ற நிறுவல் கட்டளை மூலம் ஒரே வரியில் நிறுவலாம். முடிந்ததும் சர்வர் தானே ஓடத் தொடங்கும். அந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும், வெளியே கதவு சாத்தியே இருக்கும். நிறுவும்போதே உருவாகும் 'போஸ்ட்கிரெஸ்' பயனராக மாறி, நூலகத்துக்கென்று தனிக் கணக்கும் தனி டேட்டாபேஸும் உருவாக்கிக்கொள்ளுங்கள். அடிப்படை வேலை அவ்வளவுதான். 16-க்கு 2028 நவம்பர் வரை திருத்தங்கள் வரும்.

இன்னொரு காரணம், அட்டவணை அமைப்பை மாற்றுவது. புதிய பத்தி சேர்க்கிறீர்கள், பழையதை நீக்குகிறீர்கள், நடுவில் பிழை வருகிறது. போஸ்ட்கிரெஸில் எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்திருந்தால் மொத்தமும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மைஎஸ்கியூஎல்லில் அமைப்பை மாற்றும் கட்டளை ஒவ்வொன்றும் அந்த இடத்திலேயே உறுதியாகிவிடும். பாதி மாறியும் பாதி மாறாமலும் நிற்கும் அட்டவணையைத் தன்னார்வலர் ஒருவர் சரிசெய்வது சிரமம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மணி
தம்பி பாயான் சொல்வதில் பொய்யில்லை. ஆனால் கேட்டவர் என்ன கேட்டார்? தனக்குப் பிறகு வருகிறவர் கையில் ஓட வேண்டும் என்றார். கோலாலம்பூரில் எந்தத் தமிழ்ச் சங்கத்துக்குப் போய்க் கேட்டாலும் வேர்ட்பிரஸ் தளம் நடத்திய ஒருவர் இருப்பார். அவருக்கு மைஎஸ்கியூஎல் பழக்கம், அதை உலாவியிலேயே நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மின் திரையும் பழக்கம். அவரிடம் போஸ்ட்கிரெஸைக் கொடுத்து 'யார் இணையலாம் என்று குறிக்கும் பிஜி-எச்பிஏ கோப்பில் ஒரு வரி சேருங்கள்' என்றால் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

மைஎஸ்கியூஎல் நீளமான தலைப்பைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் என்று யாராவது சொல்ல வருவார்கள். அதற்கு இப்போதே பதில்: 2015-இல் வந்த 5.7 முதல் கண்டிப்பு முறைதான் இயல்பு. பொருந்தாத தரவு வந்தால் பிழை என்று நிறுத்திவிடும்.

பாயான் லெப்பாஸ்
மணி அண்ணே, வெட்டும் பிரச்சினை தீர்ந்தது, ஒப்புக்கொள்கிறேன். தமிழ் வரிசைக்கு வருவோம்.

யூனிகோடில் நம் எழுத்துகளின் எண் வரிசையும் அகராதி வரிசையும் ஒன்றல்ல. ந முடிந்ததும் ன வரும், ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்குப் பின் ள, ழ, அதற்கப்புறம்தான் வ. பலகை, பவளம், பழம், பறவை என்ற நாலு சொற்களை எண் வரிசையில் அடுக்கினால் பறவை, பலகை, பழம், பவளம் என்று வரும். நூலகத்தில் அச்சிட்ட பட்டியல் இப்படி இருந்தால், அகராதி பார்த்துப் பழகிய பெரியவர் புத்தகம் இல்லை என்றே திரும்பிப் போய்விடுவார். உபுண்டு 24.04-இல், மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியை நிறுவி அப்படியே விட்டால் இந்த வரிசைதான் கிடைக்கும், ஏனென்றால் அந்தத் தொகுப்பு 'ஜெனரல்-சிஐ' கொலேஷனோடு, அதாவது அந்த வரிசை விதியோடு, வருகிறது.

போஸ்ட்கிரெஸில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்தே ஐசியு என்ற யூனிகோட் மென்பொருள் தொகுப்பின் கொலேஷன்கள் உண்டு, தமிழுக்கென்று தனியாக ஒன்றும் இருக்கிறது.

பிரிக்ஃபீல்ட்ஸ் மணி
நீங்கள் மரியாடிபியைச் சொல்கிறீர்கள். நான் சொன்னது மைஎஸ்கியூஎல். அதன் 8.0-இல் இயல்பான கொலேஷன் யூனிகோட் கூட்டமைப்பின் வரிசைப் பட்டியலைப் பின்பற்றுகிறது, அதில் ல, வ, ழ, ள, ற, ன என்று நம் வரிசையே இருக்கிறது. நிறுவினவர் எதையும் தொட வேண்டாம். எழுத்துக் குறியாக்கமும் நாலு பைட் வரை ஏற்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று தானே அமைந்துவிடும்.

பழைய மூன்று பைட் 'யுடிஎஃப்8' தமிழுக்குப் போதும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். அன்றாட எழுத்துக்குப் போதும்தான். ஆனால் முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019-இல் யூனிகோட் 12-இல் சேர்ந்தபோது நாலு பைட் கேட்கும் இடத்தில்தான் வைக்கப்பட்டன. பழைய கணக்கு நூலைப் பட்டியலில் ஏற்றும் நாளில் அது தேவைப்படும்.

இப்போது என் கேள்வி. உங்கள் போஸ்ட்கிரெஸ் அகராதி வரிசையைத் தானே தருமா? கிளவுடில் கிடைக்கும் உபுண்டு சர்வர்களில் பெரும்பாலும் லோகேல், அதாவது மொழி அமைப்பு, எண் வரிசையில் அடுக்கும் சி.யுடிஎஃப்-8 என்றிருக்கும். டேட்டாபேஸ் உருவாகும்போது அதையே எடுத்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் சொன்ன அதே பறவை, பலகை வரிசைதான். அதோடு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் வரிசை விதியை நம்பியிருக்கும் டேட்டாபேஸில், சிஸ்டத்தை மேம்படுத்தினால் விதியும் மாறும். 2018-இல் லினக்ஸின் அடிப்படைத் தொகுப்பான ஜிலிப்சி 2.28 வந்தபோது அப்படித்தான் ஊரெங்கும் போஸ்ட்கிரெஸின் இன்டெக்ஸ்கள் (தேடலுக்கான அடுக்குப் பட்டியல்கள்) குழம்பின. மைஎஸ்கியூஎல் வரிசை விதியைத் தன்னோடேயே வைத்திருக்கிறது.

பாயான் லெப்பாஸ்
நல்ல கேள்வி. அதனால்தான் டேட்டாபேஸின் பொது வரிசையில் நான் தமிழை நுழைப்பதில்லை. டேட்டாபேஸ் சி.யுடிஎஃப்-8-இலேயே இருக்கட்டும், அந்த வரிசையில் இன்டெக்ஸ் குழம்பும் பேச்சே எழாது. பட்டியலை எடுக்கும் எஸ்கியூஎல் கட்டளையில், அடுக்கச் சொல்லும் 'ஆர்டர் பை' வரியின் கடைசியில் 'டிஏ-எக்ஸ்-ஐசியு' என்ற தமிழ்க் கொலேஷனைக் குறித்தால் அந்த நேரத்தில் அடுக்கிக் கொடுத்துவிடும். சில ஆயிரம் புத்தகங்களை அடுக்க அந்தப் பழைய டெஸ்க்டாப்புக்குக் கண் இமைக்கும் நேரம் போதும்.

கடாரத்து இளைஞன்
ஏன் இவ்வளவு சிரமம்? டாக்கரில் போடுங்கள், மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் கருவி அது. ஒரு கோப்பு எழுதினால் சர்வர் வந்துவிடும், வேறு கணினிக்கு மாற்றுவதும் எளிது. கன்டெய்னருக்கான அச்சாக (இமேஜ்), சின்ன அளவு லினக்ஸான ஆல்பைனின் இமேஜைத்தான் பயன்படுத்துகிறேன்.

பாயான் லெப்பாஸ்
தம்பி, ஆல்பைனின் அடிப்படை நிரல் தொகுப்பில் மொழிவாரி வரிசை கிடையாது. எந்த லோகேலைக் கொடுத்தாலும் எண் வரிசைதான். தமிழுக்கு டெபியன் இமேஜை எடுங்கள்.

கயல்
பத்து வருடமாகக் கோலாலம்பூரில் இதே வேலை செய்கிறேன். டாக்கரைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஆபத்து. போஸ்ட்கிரெஸின் போர்ட்டான 5432-ஐ வெளியே திறந்துவிடும்படி கன்டெய்னரை ஓட்டினால், யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை நீங்கள் மூடியிருந்தாலும் அது திறந்தே இருக்கும். டாக்கர் தன் விதிகளை ஃபயர்வாலைத் தாண்டி நேரே எழுதிக்கொள்கிறது. போர்ட்டுக்கு முன்னால், அந்தக் கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 என்று சேர்த்து எழுதுங்கள். மைஎஸ்கியூஎல்லின் 3306-க்கும் இதேதான்.

இப்போது செந்தூல் அண்ணனுக்கு. போஸ்ட்கிரெஸா மைஎஸ்கியூஎல்லா என்று இவ்வளவு பேசியாயிற்று, பேக்கப் என்ற சொல் இன்னும் யார் வாயிலும் வரவில்லை. மேல்மாடியில் ஒரு பழைய டெஸ்க்டாப். நம் ஊரில் மத்தியானம் மூன்று மணிக்கு இடி இடித்தால் மின்சாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வட்டு போய்விட்டால் எந்த எஞ்சினாக இருந்தால் என்ன?

இரண்டாவது, உறுப்பினர் பட்டியல். ஐசி (அடையாள அட்டை) எண்ணை ஏற்றப் போகிறீர்களா? அந்த 12 இலக்கத்தில் முதல் ஆறும் பிறந்த தேதி. புத்தகம் இரவல் கொடுக்க அது எதற்கு? உறுப்பினர் எண்ணும் தொலைபேசி எண்ணும் போதும். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தரவு கசிந்தால் 72 மணி நேரத்தில் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் முதல் நடப்பில் இருக்கிறது. அந்தச் சட்டம் வணிகத் தரவுக்கானது என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் நம்பிக் கொடுத்தவர்களின் விவரம் கசிந்தால் சட்டமா முக்கியம்?

என் ஆலோசனை, டேட்டாபேஸை ஒரு கிளவுட் நிறுவனமே நடத்தித் தரும் நிர்வகிக்கப்பட்ட சேவை. அமேசானுக்கு 2024 ஆகஸ்டிலிருந்து மலேசியாவிலேயே டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. திருத்தம், பேக்கப் எல்லாம் அவர்கள் பொறுப்பு.

பிரிக்ஃபீல்ட்ஸ் மணி
கயல், இடியும் ஐசியும் நூற்றுக்கு நூறு சரி. ஆனால் மாதாமாதம் கிளவுடுக்கு வெள்ளி (ரிங்கிட்) கட்டச் சொன்னால் நன்கொடையில் ஓடும் நூலகம் எத்தனை மாதம் தாங்கும்? ஒரு மாதம் கட்டவில்லையென்றால் பட்டியல் இணைப்பே போய்விடும். கணினி கையில் இருந்தால் குறைந்தது நாம் பார்த்துக்கொள்ளலாம்.

பாயான் லெப்பாஸ்
பட்டர்வொர்த் படிப்பகத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமே? ராத்திரி பிஜி-டம்ப் கருவியால் டேட்டாபேஸின் பிரதி (டம்ப்) எடுத்து அங்கே அனுப்பி, அவர்கள் கணினியில் மீட்டெடுத்துவிடுங்கள். அவர்களுக்குப் பட்டியல் கிடைக்கும், செந்தூல் சர்வரை இணையத்தில் திறக்க வேண்டாம். பேக்கப் உண்மையில் மீளுமா என்பதும் தினமும் சோதிக்கப்பட்டுவிடும். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்றே எண்ணுவதில்லை.

கயல்
யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படியே செய்ய விட மாட்டேன். உறுப்பினர் தொலைபேசி எண்களும் யார் என்ன புத்தகம் எடுத்தார்கள் என்பதும் பட்டர்வொர்த்துக்கு எதற்குப் போக வேண்டும்? இரண்டாகப் பிரியுங்கள். புத்தக அட்டவணைகள் மட்டும் உள்ள டம்ப் அங்கே போய் மீட்டெடுக்கப்படட்டும். முழு டம்ப்பை ஜிபிஜி என்ற மறையாக்கக் கருவியால் பூட்டி அதே பட்டர்வொர்த் கணினியில் சும்மா வைக்கலாம், திறவுகோல் செந்தூலிலும் செயலாளர் வீட்டிலும் இருக்கட்டும். அந்த முழுப் பிரதியை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் திறந்து மீட்டுப் பாருங்கள், ஏனென்றால் தினமும் சோதிக்கப்படுவது புத்தகப் பட்டியல் மட்டும்தான்.

மின்சாரம் போனால் கைகொடுக்கும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்குங்கள். கிளவுடுக்குக் காசு இல்லையென்றால் இதற்காவது காசு வேண்டும்.

செந்தூல் வாசகன்
எல்லோருக்கும் நன்றி. ஐசி பத்தியை எக்செல்லிலிருந்தே நீக்கிவிட்டேன். போஸ்ட்கிரெஸ் 16 நிறுவினேன். அமைப்பை மாற்றும்போது திரும்பி வரலாம் என்றது என்னைப் பிடித்துக்கொண்டது, பத்திகளை இன்னும் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும். 'நூலகம்' என்று டேட்டாபேஸும் 'நூலகர்' என்று கணக்கும் உருவாக்கி, அந்த டேட்டாபேஸில் எல்லா உரிமையையும் அந்தக் கணக்குக்குக் கொடுத்தேன். ஆனால் முதல் அட்டவணையை உருவாக்கும்போதே அட்டவணைகள் இருக்கும் 'பப்ளிக்' ஸ்கீமாவில் (டேட்டாபேஸின் உட்பிரிவில்) அனுமதி இல்லை என்கிறது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எதிலும் இப்படி ஒரு படியே இல்லை.

பாயான் லெப்பாஸ்
அந்த வழிகாட்டிகள் 15-க்கு முந்தியவை. 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பிலிருந்து, 'பப்ளிக்' ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் அட்டவணை உருவாக்கலாம் என்ற பழைய சலுகையை எடுத்துவிட்டார்கள். டேட்டாபேஸ் மீது எல்லா உரிமையும் கொடுத்தாலும் அது ஸ்கீமாவுக்குள் செல்லாது. டேட்டாபேஸின் உரிமையாளராகவே 'நூலகர்' கணக்கை மாற்றுங்கள், பிழை போய்விடும். அப்புறம் இரவல் மேசையில் உட்காருபவர்களுக்கு வேறொரு கணக்கு உருவாக்குங்கள். படிக்கவும் வரிகளைச் சேர்க்கவும் திருத்தவும் மட்டும் அதற்கு உரிமை இருக்கட்டும், அட்டவணையை நீக்கும் உரிமை வேண்டாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் மணி
முதல் நாளே இப்படி ஒரு முட்டுக்கட்டை. மைஎஸ்கியூஎல்லில் இதே இடத்தில் ஒரு உரிமைக் கட்டளையோடு வேலை முடிந்திருக்கும். என் கருத்து மாறவில்லை. இருந்தாலும் போட்டாயிற்று, சரி. நிறுவியதிலிருந்து இன்றுவரை தட்டிய ஒவ்வொரு கட்டளையையும், எதற்காகத் தட்டினோம் என்ற காரணத்தோடு, தமிழில் ஒரு தாளில் எழுதி அந்தக் கணினியின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம்.

கயல்
திறவுகோல் யாரிடம் இருக்கிறது என்பதையும் அந்தத் தாளில் சேருங்கள் அண்ணே.