மிஷன் இன்டர்னாக வெளிநாடு வந்து இறங்கியாச்சு: இனி ஒவ்வொரு நாளும் எப்படி?

கேள்வி:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு வருட மிஷன் பயிற்சிக்குப் புதிதாக வெளிநாடு வந்தவர்கள் நாளை எப்படி ஒழுங்குபடுத்திக்கொள்வது? மொழி தெரியாமல் சபையில் என்ன செய்வது? மாதாமாதம் வரும் தாங்குதல் பணம் கடைசி வாரத்துக்கு முன்னாலேயே தீர்ந்துபோகிறதே, அதற்கு என்ன வழி? அனுபவப்பட்டவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1:

தம்பி, முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து, உள்ளே வந்தபோது கொடுத்த அனுமதியில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். விசாவில் அச்சிட்டிருக்கும் கடைசித் தேதி வேறு, தங்கலாம் என்று அனுமதித்த தேதி வேறு. பல நாடுகளில் முன்னது உள்ளே நுழைவதற்கான கெடு மட்டும்தான். தங்கும் அனுமதி முடியும் நாளுக்கு 60 நாள் முன்னால் போனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள். முகவரியைப் பதிவு செய்ய வேண்டிய நாடாக இருந்தால் அதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். இதில் தாமதமானால் உங்களை வரவழைத்த சபையும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும்.

"சம்பளம் வாங்கவில்லை, ஊழியம்தானே" என்று சுற்றுலா விசாவில் வேலை செய்வது பெரிய தவறு. சம்பளமில்லாத சேவையையும் வேலையாகவே கணக்கில் எடுக்கும் நாடுகள் நிறைய உண்டு. குடியேற்ற அதிகாரி கேட்டால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். மதப் பிரசாரத்துக்குச் சட்டத் தடையோ கட்டுப்பாடோ உள்ள நாடு என்றால், துண்டுப்பிரதி கொடுப்பது, தெருவில் ஜெபிப்பது, வீடு சந்திப்பு இவற்றில் எது ஆகும் எது ஆகாது என்று உள்ளூர்ப் போதகரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆர்வத்துக்கான விலையை நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு அங்கேயே இருக்கும் விசுவாசிகள்தான் கொடுப்பார்கள்.

இனி நாள் ஒழுங்கு. முதல் மூன்று மாதம் காலை நேரம் முழுக்க மொழிக்கே போகட்டும். பிரசங்கம், வாலிபர் கூட்டம் எல்லாம் பிறகு. ஒரு நாளைக்கு நாலைந்து வாக்கியம் போதும். உள்ளூர்க்காரர் ஒருவரை உட்காரவைத்து அந்த வாக்கியங்களை இயல்பான வேகத்தில் ஒருமுறை, மெதுவாக ஒருமுறை போனில் பதிவு செய்யுங்கள். அரை மணி நேரம் கேட்டு, கூடவே சொல்லுங்கள். பிறகு வெளியே போய் அதே வாக்கியங்களை முப்பது பேரிடம் சொல்லுங்கள். "நான் உங்கள் மொழி படிக்கிறேன். இன்றைக்கு இவ்வளவுதான் தெரியும். நாளைக்கு வருகிறேன்." முப்பதாவது ஆளிடம் சொல்லும்போது நாக்கு தானாகத் திரும்பும். பலர் ஐம்பது வார்த்தைகளை மனப்பாடம் செய்துவிட்டு ஒருவரிடமும் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். மொழி வராமல் போவது பெரும்பாலும் இதனால்தான்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இன்னொன்று உண்டு. கேட்ட சொல்லைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்வது நமக்குப் பழக்கம். ஆனால் நம் 'க' ஒன்றுக்கே 'கல்', 'தங்கம்', 'பகல்' என்று மூன்று ஒலி. 'ப', 'ட', 'த' கதையும் இதேதான். சொல்லின் முதலில் வல்லோசையா மெல்லோசையா என்பதிலேயே பொருள் மாறும் மொழிகளில், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லும் சொல் வேறு எதையாவது குறித்துவிடும். வடமொழிச் சொற்களைத் தமிழில் அச்சிடும்போது ஒரே எழுத்தின் வெவ்வேறு ஒலிகளைப் பிரித்துக் காட்ட எழுத்தை ஒட்டி 2, 3, 4 என்று சிறிய எண் போடுவார்களே, அதையே நீங்களும் செய்யலாம். இரண்டு வாரத்துக்குள் அந்த ஊர் எழுத்தையே படித்துவிட்டால் இன்னும் நல்லது.

சபையில் முதலில் கற்க வேண்டியது பரமண்டல ஜெபம். பொருள் ஏற்கெனவே தெரியும், பல சபைகளில் எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள், உங்கள் குரலும் அதில் சேரும். அடுத்து மாற்கு சுவிசேஷம்: 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷங்களில் சிறியது, கதையோட்டம் வேகமானது. ஒன்று மட்டும் கவனம்: பழைய மொழிபெயர்ப்பில் படித்த சொல்லைக் கடைத்தெருவில் பேசாதீர்கள். நம் வேதாகமத்தில் வரும் 'பிரதியுத்தரமாக' என்ற சொல்லை யாராவது பஸ்ஸில் பேசினால் எப்படி இருக்கும்? அதே நிலைதான்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சாட்சி சொல்ல வேண்டிவந்தால், 20 நிமிடம் கொடுத்தால் 10 நிமிடத்துக்குத்தான் தயார் செய்யுங்கள். வசன எண்களை முந்தின நாளே எழுதிக் கொடுங்கள். ஒரு முழு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள், பாதியில் நிறுத்தினால் வினைச்சொல் முன்னால் வரும் மொழியில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. பார்வை சபையின் மேல் இருக்கட்டும், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேச வேண்டாம்.

பதில் 2:

பண விஷயம் நான் சொல்கிறேன், தம்பி. கடைசி வாரம் கை வற்றிப்போவதற்குப் பாதிக் காரணம் கணக்குத்தான். மாதப் பணத்தை நாலாக வகுக்கிறோம். நாலு வாரம் என்றால் 28 நாள், மாதமோ 30, 31. வாடகை, பயணச்சீட்டு போன்ற மாதச் செலவுகளை முதலில் கழித்துவிட்டு, மீதியை நாலரையால் வகுத்து அதை ஒரு வாரத்துக்கு என்று வையுங்கள். திங்கட்கிழமை எடுத்தால் அடுத்த திங்கள் வரை அவ்வளவுதான்.

இதற்கு முன்னால், அவசரமாக ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். அதைத் தொடவே கூடாது. வீட்டில் மரணம் என்று செய்தி வரும் இரவில் யாரிடமும் கடன் கேட்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

கணக்கு நோட்டு மூன்று: உங்கள் சொந்தச் செலவு, ஊழியச் செலவு, மற்றவர்கள் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று அனுப்பிய பணம். மூன்றாவதிலிருந்து முதலாவதுக்கு ஒரு நாள் கைமாற்றுக்கூட எடுக்காதீர்கள். ரசீதுகளை அன்று மாலையே படம் பிடித்துவிடுங்கள். பல கடைகளில் கொடுப்பது வெப்பத்தால் அச்சாகும் தாள், மையே கிடையாது. பர்ஸில் உடல் சூட்டோடு இருந்தால் சில வாரத்தில் வெறும் வெள்ளைத்தாளாகிவிடும். காலாண்டுக் கணக்கு கொடுக்கும்போது வெள்ளைத்தாளை யார் ஏற்றுக்கொள்வார்கள்?

ஊர் வங்கியின் ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். அந்த சிம்முக்கு ரோமிங் இருக்க வேண்டும், ரீசார்ஜ் தீராமல் இருக்க வேண்டும். சிம் செத்துப்போனால் கணக்கில் பணம் இருந்தும் கைக்கு வராது. இன்னும் கிளம்பாதவர்கள் இதை ஊரிலேயே சரிசெய்துவிட்டுப் புறப்படுங்கள்.

அங்கே கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காது, பையில் இருப்பதைக் கொடுக்கத் தோன்றும். நேரடியாகக் கொடுக்காதீர்கள், மூப்பர்கள் வழியாகக் கொடுங்கள். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹென்றி வென், ரூஃபஸ் ஆண்டர்சன் என்ற இரு மிஷன் செயலாளர்கள் இதைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார்கள்: உள்ளூர்ச் சபை தன்னைத் தானே நடத்தி, தன்னைத் தானே தாங்கி, தானே பரவ வேண்டும் என்று. ஒரு வருடத்தில் திரும்பிப் போகும் ஒருவர் கொடுத்துப் பழக்கிவிட்டால், அடுத்து வருகிறவரிடமும் அதையே எதிர்பார்ப்பார்கள். கொடுக்க முடியாத உள்ளூர்ப் போதகர் மக்கள் கண்ணில் சிறியவராகிவிடுவார்.

ஜெபக் கடிதம் மாதம் ஒன்று, ஒரே பக்கம். நன்றி ஒன்று, நடந்த காரியம் ஒன்று, ஜெபிக்க மூன்று குறிப்பு. பெரிய எண்ணிக்கைகளைக் காட்ட வேண்டும் என்ற அழுத்தம் உங்களுக்குள் வரும், இடம் கொடுக்காதீர்கள். "இந்த மாதம் மொழி மட்டும் படித்தேன்" என்பதும் நேர்மையான அறிக்கைதான். கடிதத்தை அந்த ஊர்க்காரர் ஒருவர் மொழிபெயர்த்துப் படித்தால் மனம் நோகுமா என்று ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இன்றைக்கு மொழிபெயர்ப்பு எல்லார் போனிலும் இருக்கிறது.

பதில் 3:

மருத்துவப் பக்கம் சில விஷயம். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் போதும், பத்து வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடத் தேவையில்லை.

மலேரியா உள்ள இடத்துக்குப் போகிறவர்கள் தடுப்பு மாத்திரையைத் திரும்பி வந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் தவறு நடக்கிறது. கிருமி முதலில் ஈரலில் தங்கிவிட்டுப் பிறகுதான் ரத்தத்துக்கு வரும். டாக்ஸிசைக்ளின் ரத்தத்தில் இருப்பதைத்தான் பிடிக்கும், ஆகவே அந்த இடத்தை விட்டு வந்த பிறகும் 4 வாரம் தொடர வேண்டும். அட்டோவாகோன்-புரோகுவானில் ஈரலிலேயே வேலை செய்வதால் 7 நாள் போதும். உங்களுக்கு எது என்று மருத்துவர் சொல்லட்டும். காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வந்தாலும் எங்கே இருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம்பிக்கையில்லாத தண்ணீர் என்றால் நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விடுங்கள், 2000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். வயிற்றுப்போக்குக்கு உப்புக்கரைசல் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளந்தே போடுங்கள்.

இன்னொன்று, மனசு. முதல் சில வாரம் எல்லாம் அழகாக இருக்கும். பிறகு ஒரு நாள் காரணமில்லாமல் எரிச்சல் வரும், தூக்கம் கெடும், வேதம் வாசிக்க மனம் வராது. விசுவாசத்தில் பின்வாங்கிப்போய்விட்டோமோ என்று பயப்படாதீர்கள். கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960-இல் இதைப் படிப்படியாக விவரித்து எழுதினார், பண்பாட்டு அதிர்ச்சி என்று பெயர். எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது, ஆனால் வருவது இயல்பு. தூக்க நேரத்தை முதலில் சரிசெய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடும் தூக்கமும் கெட்டே இருந்தால் ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள்.

பதில் 4:

விட்டுப்போன சிலவற்றைச் சேர்க்கிறேன். பிள்ளைகள் மத்தியில் வேலை என்றால், எந்தப் பிள்ளையோடும் தனி அறையில் இருக்காதீர்கள். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர், கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் முகம் தெரியும் படம் போடாதீர்கள். படத்தில் இடக்குறிப்பு பதிவாகிறதா என்று கேமரா அமைப்பில் பார்த்து அணைத்துவிடுங்கள். தவறாக எதையாவது பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பார்த்த பிறகு தேடினால் தாமதமாகும்.

தங்கும் வீட்டில் முதல் இரவே கேட்க வேண்டியவை: சாவி யாரிடம், குளிக்கும் நேரம் எது, துணி துவைக்கும் நாள் எது, இரவு எத்தனை மணிக்குக் கதவு அடைப்பார்கள், யாரையாவது அழைத்து வரலாமா. கேட்பதில் கூச்சம் வேண்டாம். கேட்காமல் ஒரு மாதம் தவறாக நடந்துகொண்டால்தான் சங்கடம்.

தனி ஜெப நேரத்துக்குத் தனியறை கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வீடு எழும்புவதற்கு 40 நிமிடம் முன்னால் எழுந்தால் போதும். அச்சு வேதாகமம் ஒன்று கையில் இருக்கட்டும். போனில் வாசித்தால் ஊரிலிருந்து வரும் செய்தி ஒவ்வொன்றாக மேலே வந்து நிற்கும். வீட்டுக்குப் பேசுவதை வாரம் இரண்டு நாள், குறித்த நேரம் என்று வையுங்கள்.

ஞாயிறு உங்களுக்கு வேலை நாள். ஆகவே வாரத்தில் இன்னொரு நாளை ஓய்வாக, பொறுப்பாளரிடம் முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் சோம்பேறித்தனமாகத் தெரியும், முதல் வாரத்தில் கேட்டால் ஒழுங்காகத் தெரியும்.

பாஸ்போர்ட், விசா, காப்பீடு மூன்றின் நகலும் உங்கள் பையில் ஒன்று, தங்கும் வீட்டில் ஒன்று, ஊரில் அப்பா அம்மாவிடம் ஒன்று. உங்கள் நாட்டுத் தூதரக எண்ணை அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள். 1963 வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆம் பிரிவின்படி, அதில் சேர்ந்த நாட்டில் எதற்காவது உங்களைப் பிடித்து வைத்தால், தூதரகத்துக்குச் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கேட்பதற்கான ஒரு வாக்கியத்தை அந்த ஊர் மொழியில் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், போன் கையில் இல்லாவிட்டாலும் சொல்ல வர வேண்டும்.