ஆவுளியாவுக்கு ஒரு கடல் வரைபடம்: உங்கள் உதவி வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில் தங்கி, துணியில் ஒரு கடல் வரைபடம் தைத்துக்கொண்டிருக்கிறேன். மனிதருக்கான படம் இல்லை. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் மேய்கிற ஆவுளியாவுக்கு, அதாவது கடல்பசுவுக்கு, இந்தக் கடல் எப்படி இருக்கும் என்பதற்கான படம்.

அதற்குக் கண்பார்வை அவ்வளவு கூர்மை இல்லை. வாயைச் சுற்றியுள்ள விறைப்பான முடிகளால் தரையைத் தடவித்தான் கடல்தாழையை, அதாவது கடல்புல்லை, தேடும். வேரோடு பிடுங்கித் தின்றபடி அது நகரும்போது மணலில் கிட்டத்தட்ட ஒரு சாண் அகலத்துக்குத் தடம் விழும். அந்தத் தடங்களைத்தான் சாலைகளாகத் தைக்கிறேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். மேலே போனால் படகும் வலையும். அந்த இடங்களுக்கு என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை. சிவப்பு வேண்டாம் என்று மட்டும் தோன்றுகிறது.

1986இல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா அறிவிப்பில் வந்த 21 தீவுகளின் பெயர்கள் புத்தகத்தில் கிடைத்துவிட்டன. தண்ணீருக்கு அடியில் இருக்கிற மேடு, பள்ளம், தாழைத் திட்டு இவற்றின் பெயர்கள் கடலுக்குப் போகிறவர்கள் வாயில்தான் இருக்கின்றன. தொண்டி, பாம்பன், கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் குரல் பதிவாக அனுப்புவீர்களா? வாடைக் காற்றிலும் கச்சான் என்கிற மேற்குக் காற்றிலும் தண்ணீர் நிறம் எப்படி மாறும் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், கடல்பாசி எடுக்கிற அக்காமார் விரலில் சுற்றிக் கழித்த பழைய துணி இருந்தால் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன். பாறை கிழித்த அந்தத் துணியில்தான் பவளத்திட்டுகளைத் தைக்க ஆசை.

உயிரோடு ஆவுளியாவைப் பார்த்த இடத்தை மட்டும் இங்கே தயவுசெய்து எழுத வேண்டாம்.