பழைய மின்சார ஆஃப்ரோடு பைக் வாங்கப் போகிறவர்களுக்கு: பார்த்ததும் அளந்ததும்

பதிவு 1

பழைய பெட்ரோல் டர்ட் பைக் என்றால் ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்கலாம், புகையின் நிறத்தைப் பார்க்கலாம். மின்சார வண்டியில் இரண்டுமே கிடையாது. நல்ல பேட்டரியும் சாகக் கிடக்கும் பேட்டரியும் நிறுத்திவைத்த இடத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். வண்டியின் மதிப்பில் பெரும்பங்கு அந்தப் பெட்டிக்குள் இருப்பதால் டயர், பிளாஸ்டிக், ஸ்டிக்கர் எல்லாம் அப்புறம்.

டிஸ்பிளே காட்டும் சதவீதத்தை நம்பாதீர்கள். 40 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரி கொள்ளளவின் அளவு) பேட்டரி பேக் தேய்ந்து 28 ஆகிவிட்டாலும் முழு சார்ஜில் 100 என்றுதான் காட்டும். எவ்வளவு கொள்ளும் என்பதை அளந்துதான் பார்க்க வேண்டும். சுவர் பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவில் செருகும் சின்ன யூனிட் மீட்டர் ஒன்று போதும்.

சர்ரான் லைட் பீ, டலாரியா ஸ்டிங் வகை வண்டிகளின் பேக் 60 வோல்ட். உள்ளே 16 செல் குரூப்கள் வரிசையாக இணைந்திருக்கும், முழு சார்ஜில் 67.2 வோல்ட். 40 ஆம்பியர் அவர் என்றால் 2.4 யூனிட். வண்டி தானாக நின்றுபோகும் வரை ஓட்டி, பேட்டரி ஆறியதும் மீட்டர் வழியாக சார்ஜ் போடுங்கள். சார்ஜரிலேயே 10 முதல் 15 சதவீதம் சூடாகப் போய்விடும். ஆகவே நல்ல பேக் சுவரிலிருந்து 2.7 யூனிட் அளவுக்கு இழுக்கும். 2.1-லேயே பச்சை விளக்கு வந்துவிட்டால் உள்ளே போனது சுமார் 1.85, அதாவது புதிதில் இருந்ததில் 77 சதவீதம். 10 ஆம்பியர் சார்ஜரில் இதற்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

பாதி சார்ஜிலிருந்து போட்டு இரண்டால் பெருக்குவது ஏமாற்றும். நடுப்பகுதியில் வோல்டேஜ் மெதுவாகத்தான் இறங்கும், அங்கே ஐம்பது என்று காட்டுவது நாற்பதாகவும் இருக்கலாம், அறுபதாகவும் இருக்கலாம்.

பதிவு 2

யூனிட் கணக்கு சரிதான். ஆனால் அது மட்டும் போதாது. முக்கால்வாசி கொள்ளளவு இருந்தும் மேட்டில் மூச்சு வாங்கும் பேக்குகள் விற்பனைக்கு வருகின்றன. அங்கே பார்க்க வேண்டியது பளு ஏறும்போது வோல்டேஜ் எவ்வளவு சரிகிறது என்பது.

டிஸ்பிளேயிலோ பேட்டரி ஆப்பிலோ வோல்டேஜும் ஆம்பியரும் தெரியும் வண்டியாக இருந்தால், ஏற்றமான இடத்தில் ஐந்து விநாடி ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்குங்கள். நிற்கும்போது 65.0 வோல்ட், 80 ஆம்பியர் ஓடும்போது 60.2 என்று வைத்துக்கொள்வோம். சரிவு 4.8 வோல்ட். அதை 80-ஆல் வகுத்தால் 0.06 ஓம், அதாவது 60 மில்லி ஓம். இந்த அளவு பேக்குக்கு இது பரவாயில்லை. அதே ஆம்பியரில் 9, 10 வோல்ட் சரிந்தால் செல்கள் முதுமை அடைந்துவிட்டன. குளிரில் நல்ல பேக்கும் அதிகமாகச் சரியும். எனவே பேட்டரி 20 முதல் 30 டிகிரி சூட்டில் இருக்கும்போது பாருங்கள்.

அதைவிட முக்கியம் குரூப்களுக்கு இடையிலான வித்தியாசம். ஓய்வில் 16 குரூப்பும் 20, 30 மில்லிவோல்டுக்குள் சேர்ந்து நிற்க வேண்டும். முழு முறுக்கில் 15 குரூப்கள் 3.63 பக்கத்தில் நிற்க, ஒன்பதாவது மட்டும் 3.28-க்கு விழுந்து, கையை எடுத்ததும் மறுபடி மேலே வந்து ஒட்டிக்கொண்டால் பிரச்சினை அந்த ஒன்பதாவதில்தான். '30 சதவீதம் இருக்கும்போதே டக்கென்று நின்றுவிடுகிறது' என்று சொல்லும் வண்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பேட்டரியைக் காக்கும் பி.எம்.எஸ். போர்டு 16 குரூப்பின் சராசரியைப் பார்ப்பதில்லை. எது முதலில் தரைதட்டுகிறதோ அதைப் பார்த்து மொத்தத்தையும் நிறுத்திவிடும்.

விற்பவர் 'ஒரு ராத்திரி சார்ஜிலேயே விட்டால் குரூப்கள் சமமாகி பேலன்ஸ் ஆகிவிடும்' என்பார். சாதாரண பி.எம்.எஸ். அதிகம் ஏறிய குரூப்பிலிருந்து 50 முதல் 100 மில்லி ஆம்பியர் அளவில்தான் வடிக்கும். 2 ஆம்பியர் அவர் வித்தியாசம் இருந்தால் 20 முதல் 40 மணி நேரம் பிடிக்கும். அப்படிச் செய்தாலும் சரியாவது சார்ஜ் ஏறியிருக்கும் அளவு மட்டும்தான், தேய்ந்த செல் தேய்ந்ததுதான்.

பதிவு 3

மேலே சொன்னவற்றோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: 'வண்டி ஓடாமல் எத்தனை மாதம் நின்றது, அப்போது எத்தனை வோல்டில் வைத்திருந்தீர்கள்?' பேட்டரியைப் பேணியவர் யோசிக்காமல் '60 வோல்ட் பக்கம்' என்பார். செல்லுக்கு 3.7 முதல் 3.8 வருகிறது, சேமித்துவைக்க அதுதான் சரியான அளவு. முழு சார்ஜிலேயே வெயிலில் கிடந்தது என்றால் கொள்ளளவு சீக்கிரம் குறைந்திருக்கும்.

காலியான நிலையில் மாதக்கணக்கில் கிடந்தது என்றால் இன்னும் மோசம். செல் 2 வோல்டுக்குக் கீழே இறங்கிக் கிடந்தால் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். பி.எம்.எஸ்.ஸைத் தாண்டி நேரடியாக சார்ஜ் கொடுத்து 'எழுப்பிய' பேட்டரி இந்த ரகம். பெட்டி ஸ்குரூக்களில் கீறல், ரப்பர் சீலுக்கு மேல் புதிதாக அப்பிய சிலிக்கான் இருந்தால் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். எதற்கு, யார் திறந்தார்கள் என்று தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பேட்டரியை வீட்டுக்குள் வைத்து சார்ஜ் போட வேண்டாம். உயிர் விஷயம்.

பதிவு 4

பவரை ஏற்றிவிட்ட வண்டிகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இந்த வண்டிகளில் 60 வோல்டை எடுத்துவிட்டு 72 வோல்ட் பேக்கும், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் பெரியதும் போடுவது மிகச் சாதாரணம். 72 என்றால் 20 குரூப், முழு சார்ஜில் 84 வோல்ட். விற்கும்போது பழைய பேக்கைத் திரும்ப மாட்டிவிடுவார்கள், மோட்டார் மட்டும் அத்தனை சூட்டையும் தாங்கிய அதே மோட்டார்.

முதல் வேலையாக சார்ஜரின் லேபிளைப் படியுங்கள். 67.2 வோல்ட் பேக்கோடு 84 வோல்ட் சார்ஜர் வந்தால் கையில் வாங்கவே வேண்டாம். பிறகு மோட்டார். பேட்டரியைக் கழற்றி, கன்ட்ரோலரிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று தடித்த பேஸ் (phase) ஒயர்களையும் விடுவித்து, எதுவும் ஒன்றையொன்று தொடாமல் மோட்டாரைச் சுற்றுங்கள். லேசாகச் சுற்ற வேண்டும். தொடாமலே இழுத்துப் பிடித்தால் வைண்டிங்கில் ஷார்ட். பிறகு இரண்டிரண்டு ஒயராகச் சேர்த்துப் பிடித்துச் சுற்றினால் இழுத்துப் பிடிக்கும். மூன்று ஜோடியிலும் அந்தப் பிடிப்பு ஒரே அளவு இருக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டார் உடம்பில் வைத்து மூன்று ஒயரையும் தொட்டுப் பாருங்கள், தொடர்பே இருக்கக் கூடாது. ஒயர் முனைகளில் இன்சுலேஷன் பழுப்பேறி விறைத்திருந்தாலோ வார்னிஷ் கருகிய வாடை வந்தாலோ அந்த மோட்டார் வெந்திருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடான காந்தம் வலிமை இழக்கும். அது வெளியே தெரியாது, ஆனால் அதே இழுவைக்கு அதிக ஆம்பியர் கேட்டு பேட்டரியையும் சேர்த்துத் தின்னும்.

பேட்டரி கனெக்டரின் பிளாஸ்டிக் உருகியிருக்கிறதா, பின் பழுப்பாக இருக்கிறதா என்பதும் இதே சோதனையில் தெரிந்துவிடும். பச்சை பூத்திருந்தால் பிரஷர் வாஷர் தண்ணீர் போயிருக்கிறது.

பதிவு 5

இரும்பு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லைட் பீயில் மோட்டாரிலிருந்து முதலில் பல் பெல்ட், பிறகு செயின். பெல்ட்டின் ஓரம் நூல் பிரிந்திருக்கிறதா, பல் தேய்ந்திருக்கிறதா என்று ஒரு முழுச் சுற்று பாருங்கள். ஸ்டிங்கில் பெல்ட்டுக்குப் பதில் எண்ணெயில் ஓடும் கியர். எண்ணெயை வடித்தால் சாம்பல் நிறக் குழைவு இருப்பது இயல்பு, விரலில் நெருடும் துகள் இருக்கக் கூடாது.

கிளட்ச் கிடையாது, முறுக்கியதும் முழு இழுவையும் செயினில் விழும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஓடோமீட்டர் என்ன சொன்னாலும் வண்டி நிறைய உழைத்திருக்கிறது. டிஸ்பிளேயை மாற்றினால் பல வண்டிகளில் கிலோமீட்டரும் மாறிவிடும்; ஃபுட்பெக் பல், பூட்ஸ் உரசிய ஸ்விங்ஆர்ம், சாவி உரசிய தடம் இவை மாறாது. பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், 'டக்' என்றால் ஸ்விங்ஆர்ம் பேரிங்கோ லிங்கேஜோ போயிருக்கிறது. லேசான ஃபிரேமில் தாவிக் குதித்த வண்டிகளில் ஹேண்டில் கழுத்து வெல்டிங்கில் தலைமுடி கனத்தில் விரிசல் வரும். அழுக்கைத் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள், நேராக அடித்தால் தெரியாது.

பதிவு 6

பெரிய வண்டிகள் தேடுபவர்களுக்கு. ஆல்டா ரெட்ஷிஃப்ட் இன்றும் அருமையான வண்டி. 5.8 யூனிட் பேக், 350 வோல்ட். ஆனால் அந்தக் கம்பெனி 2018 அக்டோபரில் இயக்கத்தை நிறுத்திவிட்டது. ஸ்வீடனின் கேக் (Cake) கம்பெனி 2024 பிப்ரவரியில் திவாலானது. இத்தகைய வண்டியை வாங்கினால் பேட்டரி போர்டு, சார்ஜர், கன்ட்ரோலர் மூன்றும் எங்கே கிடைக்கும் என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் வண்டியைப் பார்க்கப் போக வேண்டும். அந்த மூன்றில் எது போனாலும் மற்றதெல்லாம் சும்மா நிற்கும்.

350 வோல்ட் பேக்கில் பதிவு 4-இன் சோதனைகளைச் செய்யாதீர்கள், எந்த ஒயரையும் கழற்றாதீர்கள். வாகனங்களுக்கான சர்வதேச விதிகளில் நேர்மின்சாரம் 60 வோல்டைத் தாண்டினாலே உயர் மின்னழுத்தம். இந்த வண்டிகளில் மோட்டார், பேட்டரி நிலையைக் கண்டறியும் சாப்ட்வேர் அறிக்கையைக் கேளுங்கள்.

ஆப்போடு இணையும் வண்டி என்றால் பணம் கொடுப்பதற்கு முன்பே பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து வண்டியை நீக்கி, உங்கள் கணக்கில் உங்கள் கண்முன் சேர்க்க வேண்டும். பிறகு என்றால் சில நேரம் போனையே எடுக்க மாட்டார்கள். இந்த வண்டிகளை இரண்டு பேர் தூக்கி வேனில் போட்டுவிடலாம் என்பதால் திருட்டு அதிகம். ஃபிரேம் எண்ணைக் கையால் தடவிப் பாருங்கள். சுற்றிலும் பெயின்ட் வழவழப்பாக இருந்து எண் இருக்கும் இடம் மட்டும் சொரசொரத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள், பேட்டரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.